எல்லாவற்றுக்கும் ஒட்டின பொட்டு

…ஓடித்தான் போய்விட்டான் பிள்ளை, பொய்யில்லை. பஸ் நிலையத்தடி லப்டொப் கடைக்காரனைத்தான் சொல்கிறேன். கலியாண வீட்டுப் படம் முழுவதும் இருந்த லப்டொப்பைத் திருத்த வாங்கி, எல்லாவற்றையும் அழித்துப்போட்டு, போனையும் நிறுத்திவிட்டு ஆள் கொழும்புக்கு மாறிவிட்டானாம். நேற்று மீன் வாங்கப் போன இடத்தில் கலியாணப் பொம்பிளையின் மாமி அந்தக் கடை வாசலில் நின்று அழுததை என் கண்ணால் பார்த்தேன். படம் போனதற்கு அழுதாவோ, தான் கட்டின பட்டுச்சேலையை இனி ஊர் பார்க்காதே என்று அழுதாவோ, அது அவவுக்குத்தான் வெளிச்சம்.

நீ சிரிக்கிறாய். சிரி, சிரி, பைப்பில் தண்ணி வருமட்டும் நமக்கு வேறு என்ன வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற உரிமையில் சொல்கிறேன். போன கிழமை நீ வேலைக்குச் சேர்ந்தாயே, கொம்பியூட்டர் திருத்துகிற எங்கள் தம்பியின் கடை, அங்கே, நீ இப்போது உட்காருகிற அதே கதிரையில் ஒன்பது வருஷம் இருந்தவள் நான். ஓடிப்போன அந்தக் கடைக்காரனைப் போல நானும் ஒருநாள் ஓடப் பார்த்தவள்தான். ஓடாமல் நின்றதற்கு முழங்கால் வலி மட்டும் காரணமில்லை.

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அது ஊருக்கே தெரியும். கடைக்காரத் தம்பி என்னைக் கூட்டவும் தேத்தண்ணி போடவும்தான் எடுத்தார். ஒருநாள் எள்ளுப் போல ஒரு திருகாணியை நிலத்தில் விழுத்திவிட்டு, லைற் அடித்து லைற் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். நான் விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு, குனிந்து, விரல் நுனியால் ஒற்றி எடுத்துக் கொடுத்தேன். றால் கொம்பனியில் பத்து வருஷம் றால் உரித்த விரல் பிள்ளை, அதற்குக் கண் இருக்கிறது. அன்றைக்கே என்னை மேசைக்கு ஏற்றிவிட்டார். கீபோட் மாற்றுவேன், காற்றாடி துடைப்பேன். எந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு என்பதைச் சாப்பாட்டுத் தட்டில் அதே வடிவாக அடுக்கி வைப்பேன். என் பேரன் பள்ளிக்கூடத்தில், “எங்கட அம்மம்மா கொம்பியூட்டர் டொக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தான். ரீச்சர் நம்பவில்லையாம். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு அந்தச் சந்தோஷம் ஒரு மாதத்துக்குப் போதுமாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கடையின் வழக்கம் உனக்கும் இப்போது தெரியும். பழைய லப்டொப் ஒன்று ஊர்ந்துகொண்டு வந்தால், அல்லது எழும்பாமல் கிடந்தால், உடனே அறுக்கக் கூடாது. முதலில் பென் டிரைவைக் குத்தி, அதில் இருக்கிற லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைச் சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும். அது உள்ளே குடிபோகாது. விருந்தாளி மாதிரி வாசல் கதிரையில் இருந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பென் டிரைவை இழுத்தால் எழும்பிப் போய்விடும். உள்ளே இருக்கிற படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆட்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும், கேட்டு, பிறகு உள்ளே போடுவோம்.

ஆனால் இன்னொரு பென் டிரைவும் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு யாரோ கொடுத்த பழைய லப்டொப்புகளுக்காகத் தம்பி செய்தது. அது ஒன்றும் கேட்காது. குத்திப் பட்டனை அமத்தினால், இருந்த வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டுத் தான் குடியிருக்கும். ஒரு கறுப்புத் திரை வரும், அடியில் ஒரு வெள்ளைக் கோடு ஊரும், கோடு நிரம்பினால் வேலை முடிந்தது. நாற்பது லப்டொப்புக்கு நான்தான் செய்தேன். கோடு ஊரத் தொடங்கினால் நான் தேத்தண்ணிக்குப் போவேன். “இடையில நிப்பாட்டக் கூடாது அக்கா, நிப்பாட்டினா மெசின் பழுதாப் போகும்” என்று தம்பி திரும்பத் திரும்பச் சொல்வார்.

இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. தம்பி மேலே எழுதி ஒட்டியிருந்தார், எனக்கு அதனால் என்ன பயன்? நான் என் புத்திக்கு, விருந்தாளிப் பென் டிரைவின் முதுகில் ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டிவிட்டேன். மங்களகரமானது, அதனால் பயமில்லாதது. பொட்டில்லாதது அழிக்கிறது. நாலு வருஷம் ஒரு பிழை வரவில்லை.

பிறகு அந்த வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. கடையில் இருந்த ஸ்குரூ டிரைவர், சோல்டர் கம்பி, கத்திரிக்கோல், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அம்மனுக்கு முன்னால் பரப்பினோம். சந்தனம் குங்குமம் வைக்கத் தம்பி வந்தார். நான் தடுத்தேன்.

“குங்குமம் வேண்டாம் தம்பி, தூள் உள்ளுக்கப் போயிடும். என்னட்டப் பொட்டு இருக்கு.”

எவ்வளவு கெட்டித்தனம் பார்! ஒரு பைக்கற் ஒட்டுப்பொட்டை எடுத்து, ஸ்குரூ டிரைவரில் இருந்து தேத்தண்ணிக் கேத்தில் வரைக்கும் ஒவ்வொன்றாக ஒட்டினேன். தம்பி சிரித்துச் சிரித்துப் போனில் படம் எடுத்தார். அவலும் கடலையும் தின்றோம். என் கையால் நான் எதை அழித்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

விஜயதசமி காலை. தம்பி தன் மகளுக்கு ஏடு தொடக்க அன்புவழிபுரத்துக் கோவிலுக்குப் போய்விட்டார். “நல்ல நேரத்தில கடையைத் திறந்து ஒரு வேலையைத் தொடக்கி வையுங்கோ அக்கா” என்றார். நான் திறந்து விளக்குக் கொளுத்தி முடிக்கவில்லை, ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் புவனேஸ். வெருகல் பக்கம் ஒரு கிராமத்து மாதர் சங்கச் செயலாளர். விடியவே பஸ் ஏறியிருக்கிறாள். ஒரு லப்டொப்பைத் துவாயில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள்.

“எழும்புதில்லை அக்கா. நீலத் திரை வருது, போகுது. இதில எங்கட சனத்தின்ர காணிப் பேர்மிட் எல்லாம் இருக்கு. இருபத்தேழு குடும்பம்.”

“கடுதாசி?”

“வெள்ளத்தோட போச்சு. அதுக்கு முதல் நான் வீடு வீடாப் போய் போனில படம் எடுத்து இதுக்க போட்டனான். போனும் வெள்ளத்தில போச்சு. இதை மட்டும் சோறு காய்ச்சிற கிடாரத்துக்குள்ள வைச்சுத் தலையில தூக்கிக்கொண்டு வந்தனான். அரசாங்கக் கந்தோரில இருந்த பிரதியள் சண்டைக்குள்ளயே இல்லாமப் போச்சாம். வியாழக்கிழமை காணிக் கச்சேரி, அதிகாரி எல்லாற்ற காணியையும் விசாரிக்கிற நாள். இது இல்லாட்டி எங்களிட்டக் காட்ட ஒண்டும் இல்லை அக்கா.”

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி” என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்வேன். “உள்ளுக்க ஒண்டையும் தொடாமப் பாக்கிற சாமான் எங்களிட்ட இருக்கு. நீங்கள் போய்க் காளி கோவிலில கும்பிட்டுட்டு வாங்கோ.”

அவள் போனாள். நான் அம்மன் படத்தடியில் கையை விட்டேன். பொட்டு ஒட்டின பென் டிரைவ் கையில் வந்தது. குத்தினேன். பட்டனை அமத்தினேன். நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டேன் என்று ஒரு கும்பிடும் போட்டேன்.

விருந்தாளி வந்தால் நீலத்தில் ஒரு மலைப் படம் வரும். மலை வரவில்லை. கறுப்புத் திரை வந்தது. அடியில் வெள்ளைக் கோடு.

எனக்குப் பழகின கோடு பிள்ளை. நாற்பது தரம் பார்த்த கோடு. அதனால் முதலில் பயம்கூட வரவில்லை. கால் பழக்கத்துக்குக் கேத்திலடிக்குப் போய்விட்டது. கேத்திலைத் தூக்கினேன், அதன் வயிற்றில் ஒரு பொட்டு. ஸ்குரூ டிரைவரைப் பார்த்தேன், பொட்டு. அம்மன் படத்தடியில் மிச்சம் கிடந்த பென் டிரைவைப் பார்த்தேன், அதிலும் பொட்டு.

அப்படியென்றால் நான் குத்தியிருப்பது அழிக்கிறது! கேத்தில் கையை விட்டு விழுந்தது. ஓடிவந்து பார்த்தால் கோடு ஒரு விரல் அகலம் ஊர்ந்திருக்கிறது.

தம்பிக்குப் போன் எடுத்தேன். கோவிலுக்குள் நிறுத்தி வைத்திருந்தார். திரும்ப எடுத்தேன். திரும்ப எடுத்தேன். கோடு ஊர்கிறது. நிறுத்தக் கூடாது என்று அவர் சொன்ன சொல் ஒரு காதில். இருபத்தேழு குடும்பம் என்று அவள் சொன்ன சொல் மற்றக் காதில். கேட்க ஒருவரும் இல்லை. வாசலில், எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மான் ஒன்று மட்டும் நின்று, நாங்கள் பூசைக்குக் கட்டின வாழைக்கன்றை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் “சூ!” என்று அதைத் துரத்தினேன் பார், மனிதப் புத்தி அப்படித்தான்.

நான் யோசித்தது ஒன்றே ஒன்று. மெசின் பழுதாகும் என்று தம்பி சொன்னார். பழுதானால் வேறு மெசின் வாங்கலாம். கோடு போன இடத்தில் போனது போய்விட்டது. கோடு போகாத இடத்தில் அந்தச் சனத்தின் கடுதாசி இன்னும் கிடக்கும்.

வயரைப் பிடுங்கினேன். கோடு நிற்கவில்லை! வழமையாகப் பழைய லப்டொப் எல்லாவற்றிலும் பட்டரி செத்துக் கிடக்கும். அன்றைக்கு அதற்கு மட்டும் உயிர். பட்டனை அமத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, “அம்மா தாயே, செத்துப்போ, செத்துப்போ” என்று லப்டொப்பிடம் மன்றாடினேன். திரை அணைந்தது. அணைந்த பிறகும் விரலை எடுக்கப் பயமாக இருந்தது.

தம்பி வேட்டியோடும் மகளோடும் வந்து சேர்ந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வாழைத்தண்டு போல வெளுத்தது. கடை தொடங்கி அவர் அவ்வளவு பயந்து நான் கண்டதில்லை. மகளைக் கதிரையில் இருத்தி, கையில் லொலிபொப்பைக் கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

“அவவுக்குச் சொன்னீங்களா?”

“இல்லை. இன்னும் வரேல்லை.”

“சொல்லாதேங்கோ. டிஸ்க் சரியில்லை எண்டு சொல்லுவம். கொண்டு வரேக்கையே எழும்பேல்லைத்தானே. பொய் இல்லை.”

எனக்கு அப்போது வந்த நிம்மதியை உள்ளபடி சொன்னால் நீ என்னோடு கதைக்கமாட்டாய். அந்த மனுஷன் கெட்டவரல்ல பிள்ளை. அவரிடம் நான் படித்ததில் பாதி, பொறுமை. ஆனால் கடையின் பெயர் போய்விடுமே என்ற பயம் அவர் வாயைப் பிடித்துக் கதைத்தது. என் பயம் என் தலையைப் பிடித்து ஆட்டியது. “ஓம்” என்றேன்.

புவனேஸ் வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் கடுதாசிப் பை.

“உங்களுக்கும் வடை வாங்கினனான் அக்கா. சூட்டோட சாப்பிடுங்கோ. என்ன, வந்துட்டுதா?”

தம்பி தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, டிஸ்க்கில ஏதோ பிழை போல கிடக்கு. எங்களால ஏலாது போல…”

அவள் அழவில்லை. கையை நீட்டினாள். “அப்ப தாங்கோ. மூதூரில என்ர மச்சான் ஒருத்தர் இருக்கிறார், புதுசாச் சிஸ்டம் அடிச்சுத் தருவார். ஒரு மணி பஸ்ஸைப் பிடிச்சனெண்டாப் பின்னேரமே குடுத்திடலாம்.”

அந்த மச்சான் நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். ஆனால் அவர் புதிதாக ஒன்றை அடித்தால், கோடு போகாமல் தப்பின இடமும் அதோடு சரி. அது எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி மேசையைப் பார்த்தார். அவள் லப்டொப்பைத் துவாயில் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

நான் லப்டொப்புக்கு மேலே என் இரண்டு கையையும் வைத்தேன்.

“விட மாட்டன் தங்கச்சி. நான்தான் அழிச்சனான்.”

“என்ன?”

“நான்தான். மாறிக் குத்திப்போட்டன். ஒரு விரல் அகலம் அழிஞ்சு போட்டுது, நிப்பாட்டிட்டன். இனி ஒருத்தரும் இதைக் கரண்டில கொளுவக் கூடாது. கொண்டு போனீங்களெண்டா மிச்சமும் போயிடும்.”

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். வடைப் பை சரிந்தது. எப்படி மாறினது என்று கேட்டாள். பொட்டுக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“கொம்பியூட்டருக்குப் பொட்டு வைச்ச மனுசியிட்டக் குடுத்தன் பார், என்ர புத்தியை! எழுத வாசிக்கத் தெரியாத ஆளையா இதுக்கு வைச்சிருக்கிறீங்கள்? இருபத்தேழு பேரும் என்ர கையிலதானே தந்தவை. நான் என்னெண்டு ஊருக்குள்ள போறது?”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. தம்பிதான் எழும்பி வந்து அவளுக்கு முன்னால் குந்தினார்.

“ரெண்டு நாள் தாங்கோ தங்கச்சி. வேற வேலை ஒண்டும் தொடமாட்டன். வரும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். தேடுவன் எண்டு சத்தியம் பண்ணுறன்.”

அவள் ஊருக்குப் போகவில்லை. என் வீட்டில்தான் நின்றாள். குசினியில் நான் புட்டவித்து வைத்தால் தொடமாட்டாள். என்னோடு கதைக்கவும் மாட்டாள். காலையில் எனக்கு முன்னால் கடைக்கு நடப்பாள், நான் பின்னால் குற்றவாளி மாதிரிப் போவேன். தம்பி டிஸ்க்கைக் கழற்றி வேறு மெசினில் கொடுத்து, அதில் ஒரு எழுத்தும் எழுதாமல் வாசிக்க மட்டும் விட்டுத் தேடினார். அந்த வேலையையும் லினக்ஸில்தான் செய்தார். பகல் முழுக்க ஒன்றும் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல் கூவினால்கூட எனக்கு நெஞ்சு திடுக்கென்றது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு ஆட்டுப் படம் வந்தது. பிறகு யாரோ பிறந்தநாள் கேக் வெட்டுகிற படம். பிறகு ஒரு மாட்டுக் கொட்டில். பெயரும் இல்லை, ஒழுங்கும் இல்லை, சுனாமியில் அடித்துக்கொண்டு வந்த சாமான் மாதிரி. பிறகு ஒரு பழுப்புக் கடுதாசி, மேலே அரசாங்க முத்திரை. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் முத்திரையைத் தெரியும்.

புவனேஸ் திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். “கனகம்மா அக்கா” என்றாள். “கனகம்மா அக்கா வந்துட்டா!” அதற்குப் பிறகு ஒவ்வொரு கடுதாசிக்கும், ஆளே படி ஏறி வந்த மாதிரி, பெயர் சொல்லி வரவேற்றாள். நான் கை விரலில் எண்ணினேன். இருபத்தாறு. இருபத்தேழாவது பாதி வந்து, மிச்சம் சாம்பல் நிறமாக நின்றுவிட்டது. பெயர் இருந்த பக்கம்தான் சாம்பல்.

“சின்னத்தம்பி ஐயான்ர” என்றாள். வராமல் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

காணிக் கச்சேரிக்கு நானும் போனேன். தம்பி வேண்டாம் என்றார். பயமில்லாமல் போனேன் என்று நினைக்காதே. கந்தோர் என்றாலே கையெழுத்துப் போடு என்பார்கள், மை டப்பாவைத் தேடுவார்கள், வரிசையில் நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் ஒருவரின் காணி என் விரலால் போயிருக்கிறது. அந்த விரலை நான் வீட்டில் ஒளித்து வைக்கலாமா?

சின்னத்தம்பி ஐயா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த மனுஷன், ஊன்றுகோல், வெள்ளைச் சேட்.

“நீயோ என்ர பேர்மிட்டை அழிச்சவள்?”

“ஓம் ஐயா.”

“வெள்ளத்தாலயே ஏலாமப் போன வேலை. கெட்டிக்காரிதான்.”

உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். புவனேஸ் அச்சடித்த படங்களைக் கொடுத்தாள். அதிகாரி பார்த்துக் குறித்தார். கடைசியில் ஐயாவின் முறை. அதிகாரி பாதிச் சாம்பல் படத்தைப் பார்த்துவிட்டு, “இதை வைச்சு நான் ஒண்டும் செய்யேலாது” என்றார். நான் எழும்பினேன். “அது முழுசா இருந்தது ஐயா, நான்தான் அழிச்சனான், எழுதுங்கோ, நான் விரல் வைக்கிறன்” என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். எழுதினார்கள். விரலை மையில் தோய்த்து வைத்தேன்.

அதிகாரி நல்ல மாதிரித்தான் சொன்னார்: “அம்மா, நீங்கள் அழிச்சதுக்கு இது சாட்சி. அதில என்ன இருந்தது எண்டதுக்கு இது சாட்சி இல்லை.”

என் உயிர் போய்விட்டது. அப்போதுதான் சின்னத்தம்பி ஐயா ஊன்றுகோலால் நிலத்தில் தட்டினார்.

“கனகம்மான்ர கடுதாசியை எடு. எல்லையைப் படி.”

அதிகாரி எடுத்து வாசித்தார். கனகம்மாவின் காணிக்கு மேற்கெல்லை, சின்னத்தம்பியின் காணி. “இனி இராசனின்ர” என்றார் ஐயா. இராசனின் காணிக்குக் கிழக்கெல்லை, சின்னத்தம்பியின் காணி. வடக்கே இருந்தவரின் கடுதாசியிலும் அதே பெயர். பேர்மிட் எல்லாவற்றிலும் நாலு பக்கத்து ஆட்களின் பெயரும் எழுதியிருக்குமாம். எனக்கு எங்கே தெரியும்? புவனேஸுக்கும் பதற்றத்தில் தோன்றவில்லை. அதிகாரி மூன்று கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஐயாவின் பெயரை எழுதி, மறுபிரதிக்கு விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிச் சீல் குத்தினார்.

வெளியே வந்ததும் நான் படியில் இருந்துவிட்டேன். புவனேஸ் பக்கத்தில் வந்து இருந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் கதை: “பசிக்குது அக்கா.” எனக்கு வந்த சந்தோஷம்! சிரித்தேனா அழுதேனா தெரியாது. மை விரலாலேயே கண்ணைத் துடைத்து, முகம் முழுக்க நீலம். ஐயா பார்த்துவிட்டு, “இதுக்கும் ஒரு பொட்டை ஒட்டு” என்றார். கதை அவருக்கும் போயிருந்தது!

அழிக்கிற பென் டிரைவை நான் ஏன் தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டு மேலே கல் வைத்தேன் என்று, கடையில் சேர்ந்த அன்றே நீ கேட்டாயே, இதுதான் கதை. எடுக்க வேண்டுமென்றால் கல்லைத் தூக்க வேண்டும். தூக்குகிற நேரத்துக்குள் புத்தி வரும். உனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் உனக்கு நடக்காது என்று நினைக்காதே. பழகின கைக்கு எழுத்துத் தெரியாது பிள்ளை. நடந்துவிட்டால் முதலில் நிறுத்து. பிறகு, ஆள் சாமானைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முதல் வாயைத் திற. அந்த நேரத்தில் பயம் உன்னிடம் நல்ல நல்ல நியாயம் சொல்லும், தம்பியின் வாயால்கூடச் சொல்லும். எனக்கு இப்போதும் சில நேரம் அந்தப் பயம்…

நில், நில், பைப் சீறுது. தண்ணி வந்துட்டுது! அரை மணித்தியாலத்தில நிப்பாட்டிப்போடுவாங்கள். நீயும் ஓடு பிள்ளை, உன்ர வாளியைப் பிடி!